தங்கையன் இறங்கிய மலை

1937 ஏப்ரல் 11, ஞாயிறு

ஜங்ஷன் ஓட்டல் சமையற்கட்டில் சேர்ந்த பிறகு இன்றுதான் முதல் ஓய்வு. வெயிலில் பாலக்கரைத் தெரு கண்ணைக் கூசுகிறது. போன தை மாதம் இதே கைகள் குல்மார்க்கில் விறைத்துக் கிடந்தன என்றால் யார் நம்புவார்கள்? துரைமார் பனியில் சறுக்கி விளையாட வரும் விடுதி அது. நான் அங்கே சமையல், தங்கையன் விறகும் வெந்நீரும். அத்தனை பெரிய விடுதியில் தமிழ் பேச எனக்கு அவன், அவனுக்கு நான்.

என் மனைவி ஜீனத் சோறு போட்டுக்கொண்டே, "தங்கையன் பொஞ்சாதியப் போய்ப் பாத்துட்டு வந்துடுங்க. சாவுச் சேதிக்குத் தந்தி மட்டும் போதுமாங்க?" என்றாள்.

போதாதுதான். அடுத்த ஞாயிறு போகிறேன்.

ஏப்ரல் 18

துறையூர் வரை பஸ், பிறகு மாட்டுவண்டி. உப்பிலியபுரத்தில் தங்கையன் மனைவி ராசாத்தி களத்தில் சோளம் புடைத்துக்கொண்டிருந்தாள். நெற்றியில் பொட்டு பளிச்சென்று இருந்தது. தந்தியை அவள் நம்பவே இல்லை என்று அப்போதுதான் புரிந்தது.

எப்படியோ சொன்னேன். பனி சரிந்து மூடிவிட்டது, உடம்பு கிடைக்கவில்லை என்றேன்.

"பனியா? மார்கழியில புல்லு மேல இருக்குமே, அதா?"

"அதேதாம்மா... ஆனா அது இல்ல."

"வெயில் வந்தா காஞ்சுபோறது, ஒரு ஆம்பளைய மூடிருச்சா?"

அவள் அண்ணன் காத்தமுத்து எழுந்து நின்றான். "பாய், நீங்க வயசுல பெரியவரு. அங்க இன்னொருத்திய வெச்சிருக்கான்னா நேராச் சொல்லிடுங்க. கதை வேணாம்."

ராசாத்தி அழவில்லை. "வரும்போது வரட்டும்" என்று முறத்தை எடுத்துக்கொண்டாள்.

ஏப்ரல் 19

அவ கேட்டதுல என்ன தப்பு? புல்லில் இருப்பதும் பனி, அவனைக் கொண்டுபோனதும் பனி. வேற வார்த்தை நம்மகிட்ட எங்க இருக்கு?

ஏப்ரல் 25

அவன் முதன்முதலாகச் சறுக்கியது இன்று நாள் முழுக்கக் கண்ணிலேயே நிற்கிறது. ஒரு துரை உடைந்ததென்று எறிந்த சறுக்குக் கட்டைகளை ஆணியடித்துச் சரிசெய்து, கயிற்றால் காலில் கட்டிக்கொண்டான். "சின்ன வயசுல பச்சமலைப் பாறையில மட்டை போட்டுச் சறுக்குவோம் பாய். அந்த மாதிரிதான்" என்றான். மலைமேல் ஏறி ஒரு புள்ளியானான்.

பிறகு அந்தப் புள்ளி வந்தது. வந்ததே ஒரு வரத்து! சத்தமே இல்லை. பின்னால் வெள்ளைப் புகையாகப் பனி எழும்ப, வளைந்து, நெளிந்து, சாய்ந்து — ஆற்றில் மீன் திரும்புகிற மாதிரி. நான் கரண்டியோடு வாசலில் நின்றேன். தேநீர் குடித்துக்கொண்டிருந்த துரைமார் எழுந்து நின்றுவிட்டார்கள். கீழே வந்து குப்புற விழுந்து, வாய் நிறையப் பனியோடு சிரித்தான். காஷ்மீரிச் சுமைக்காரர்கள் அன்றிலிருந்து அவனைப் 'பரிந்தா' என்றே கூப்பிட்டார்கள். பறவை என்று அர்த்தம்.

ஒரு மனுஷனுக்குள் இப்படியொரு அழகை வைத்து அனுப்பிய அல்லாஹ்வை என்னவென்று புகழ்வது?

மே 2

அந்த நாளையும் எழுதிவிடுகிறேன்.

பனிப்புயல். மேலே போன ஒரு துரையும் அவர் தங்கையும் திரும்பவில்லை. தங்கையன் கட்டையைக் கட்டிக்கொண்டு போய் இருவரையும் கூட்டி வந்தான். நாங்கள் கை தட்டினோம். அவன் காதில் அது விழவே இல்லை. "கரீம் எங்க?" என்றான். அவர்களுக்குச் சுமை தூக்கிப் போன ஆள். யாருக்கும் அவன் நினைவே வரவில்லை.

"புயல் அடங்கட்டும், போகாதே" என்றார் விடுதி துரை. நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். மெல்ல விடுவித்தான்.

"பாய், சுக்குக் காப்பி போட்டு வைங்க. ரெண்டு பேருக்கும்."

கரீம் மட்டும் தவழ்ந்து வந்தான். மலை உறுமியதாம். தங்கையன் அவனைப் பாறை இடுக்கில் தள்ளினானாம். திரும்பிப் பார்த்தால் தங்கையன் நின்ற இடமே இல்லையாம்.

கைத்தோல் உரியும்வரை தோண்டினோம்.

பேர் மட்டும் தெரிந்த ஒருத்தனுக்காக! என்ன மனசுடா உனக்கு, தங்கையா.

மே 9

ராசாத்தி ஜங்ஷனுக்கே வந்துவிட்டாள், அண்ணனோடு. சமயபுரத்தில் கும்பிட்டுவிட்டு நேரே வருகிறார்களாம். "உங்க சாமி மேல சத்தியம் பண்ணுங்க பாய். நம்பிடுறேன்."

நான் சத்தியம் செய்யவில்லை. ஐஸ் வைக்கும் அறைக்குக் கூட்டிப் போனேன். மரத்தூளை விலக்கி, பாளத்தைச் சுரண்டிக் குவித்து, கையை வைக்கச் சொன்னேன். தொட்டதும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். பிறகு அவளாகவே இரண்டு கையையும் புதைத்தாள். போதும் என்றேன். எடுக்கவில்லை. விரல்கள் வெளுத்தன.

"இது... மலை முழுக்கவா?"

"மலை முழுக்க. பனைமரம் முங்குற அளவுக்கு."

"இது மேலயா அவரு ஓடுனாரு?"

"ஓடல தங்கச்சி. பறந்தாரு."

எல்லாம் சொன்னேன், கரீம் வரைக்கும். காத்தமுத்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். அவள் ஒன்றுதான் கேட்டாள். "வலிச்சிருக்குமா?"

"உன் கை இப்ப வலிக்குதா?"

விரல்களைப் பார்த்தாள். "இல்ல. மரத்துப் போச்சு."

அதன் பிறகுதான் அழுதாள். சமையற்கட்டே வேலையை விட்டு நின்றது.

ஜூன் 13

காய்ச்சல். வேலைக்குப் போகவில்லை.

ஆகஸ்ட் 6, ஆடி அமாவாசை

ஸ்ரீரங்கம், அம்மா மண்டபம். பாய் வந்தே ஆகவேண்டும் என்று காத்தமுத்து சொல்லியனுப்பியிருந்தான். காவிரி இரு கரையும் தொட்டு ஓடுகிறது. நான் மேல்படியில் ஓரமாக நின்றேன்.

காத்தமுத்து எள்ளும் தண்ணீரும் விட உட்கார்ந்தான். "எங்கே தவறினார்?" என்று கேட்டார் அய்யர். காத்தமுத்து என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் வாய் திறக்குமுன் ராசாத்தி சொல்ல ஆரம்பித்தாள். நிறுத்தவே இல்லை. ஈரச் சேலையோடு கரையேறிய பெண்கள் ஒவ்வொருவராக அவளைச் சுற்றி நின்றுவிட்டார்கள். அய்யரும் தர்ப்பையைக் கையில் வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"உச்சியிலேர்ந்து இறங்குவாரு. சத்தமே இருக்காது. பின்னால வெள்ளையா எழும்பும், புகை மாதிரி. துரைங்கல்லாம் எந்திரிச்சு நிப்பாங்க..."

கூட்டத்தில் ஒருத்தி கேட்டாள். "நீ பாத்தியா?"

"பாத்தேன்" என்றாள் ராசாத்தி.