மடுவத்தில் நீ கொட்டிய என் கொழுந்து

உன் மருமகள் இன்று காலையில் உன் பழைய படங்கைக் கொண்டுவந்து கொடுத்தாள். தேயிலைக் கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் சுற்றிக் கட்டுவாயே, அந்தச் சாக்குதான். தூக்கிப் போட மனசு வரவில்லையாம், கால் துடைக்கவாவது போடச் சொன்னாள். விரித்துப் பார்த்தேன். எத்தனை தடவை துவைத்திருப்பாயோ, இன்னும் பச்சை இலை வாசம் அடிக்கிறது. அந்த வாசத்தோடு உன் மேல் எனக்கிருந்த பொறாமையும் எழும்பி வந்துவிட்டது. செத்தவள் மேல் பொறாமைப்படுகிறவள் இந்த லயத்து வீடுகளில் நான் ஒருத்திதான் இருப்பேன்.

ஐந்தாம் வகுப்போடு நின்ற என் எழுத்து கோணலாகத்தான் இருக்கும். நீ அந்த அளவுக்கும் படிக்கவில்லை, குறை சொல்ல மாட்டாய்.

நாம் இரண்டு பேரும் ஒரே நாளில் தோட்டத்து வேலைக்குப் பேர் பதிந்தவர்கள். மலையில் என் கைக்கு ஈடு கிடையாது என்று நீயே சொல்வாய். முழங்கால் போனதும் உன்னை மலையிலிருந்து எடுத்து, கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் நிறுத்தினார்கள். நிறுக்குமுன் எங்கள் கூடைக்குள் கைவிட்டுக் கிளறி, முத்தல் இலையையும் குச்சியையும் கழிப்பது உன் வேலை. நல்லது மட்டும்தான் லொறியில் ஏறி பெக்டரிக்குப் போக வேண்டும். நாங்கள் மழையில் நனைய, நீ கூரைக்குக் கீழே நின்றாய். எனக்குப் புகைந்தது.

அந்த நாளை நீ மறந்திருக்க மாட்டாய். என் கூடையைக் கிளறினாய். என் முகத்தை ஒரு தரம் பார்த்தாய். பிறகு முழுதையும் தரையில் கொட்டினாய்.

"பொறுக்கிட்டு வா. இது போகாது."

அத்தனை பொம்பளைகளும் பார்க்க நான் குந்தி உட்கார்ந்து பொறுக்கினேன். இரண்டு மாதம் உன்னோடு பேசவில்லை. ஒரே பீலியில் குடம் வைத்துத் தண்ணீர் பிடித்தோம், அப்போதும் பேசவில்லை. கடைசியில் நீதான் "என்னாடி, வாய் வலிக்கலயா?" என்று கேட்டாய். சிரித்துத் தொலைத்தேன்.

என் பேத்தி எல்ல டவுனில் ஒரு ஹோட்டலில் வரவேற்பு மேசையில் நின்றது உனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் அவள் படித்தது தமிழும் சரித்திரமும். ஹோட்டல் கம்ப்யூட்டர் நின்றுபோகும்போதெல்லாம் ஏன் என்று நோண்டிப் பார்க்கப்போய் ஆசை பிடித்துக்கொண்டது. அங்கே தங்கும் வெள்ளைக்காரர்கள் ரயில் பாலம் பார்க்கப் போய்விட்டால் மேசை சும்மா கிடக்கும். அந்தப் பகல் நேரத்தில் தானாகவே படித்தாள். போன இடமெல்லாம் கம்ப்யூட்டர் பட்டம் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். ஒரு வழியாகக் கொழும்பில் ஒரு கம்பெனி எடுத்தது. வேலைக்குப் பேர் டெவொப்ஸ்.

லயம் முழுக்கச் சொன்னேன். நீதான் விடவில்லை. "அது என்னா வேலை, டைப் அடிக்கிறதா?" என்று பீலியடியில் வைத்துக் கேட்டாய். உன் பேரன் வாத்தியார், அதற்கு யாரும் விளக்கம் கேட்பதில்லை. எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒவ்வொரு தடவையும் நீதான் ஜெயித்தாய்.

அடுத்த லீவுக்கு வந்தவளைப் பிடித்து உட்காரவைத்துக் கேட்டேன்.

"கம்ப்யூட்டர்ல ஓடுறத எழுதுறவங்க ஒரு பக்கம், அம்மாயி. அத பாவிக்கிற ஜனங்க இன்னொரு பக்கம். எழுதினத சோதிச்சு, பிழை இருந்தா நிப்பாட்டி, நல்லத மட்டும் பத்திரமா அங்கிட்டு சேக்கணும். சேந்த பிறகும் நிக்காம ஓடுதான்னு பாக்கணும். அதுக்கு வழி கட்டுறதுதான் என் வேல."

கையிலிருந்த தேத்தண்ணி ஆறிப்போனது. அது உன் வேலையடி. என் கையைப் பார்த்து வளர்ந்த பிள்ளை, எங்கெங்கோ சுற்றி, மடுவத்தில் நீ நின்ற இடத்தில் போய் நிற்கிறாள்.

பதுளை ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நீ மறுபடியும் கேட்டாய். இந்தத் தடவை கிண்டல் இல்லை. "புள்ள என்னாதான்டி செய்யுது?"

ஒன்னோட வேலதான் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. "சொன்னா ஒனக்கு விளங்காது" என்றேன். நீ தலையை ஆட்டிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாய். மூன்றாம் நாள் பெட்டியில் வந்தாய்.

போன கிழமை அவள் போனில் அழுதாள். கம்பெனியில் மூத்தவன் ஒருவன் அவசரமாக எழுதிக் கொடுத்ததில் பிழை இருந்ததாம். இவள் போகவிடாமல் நிறுத்திவிட்டாள். கம்ப்யூட்டர் படிக்காதவள் எனக்குச் சொல்ல வந்துவிட்டாள் என்று எல்லார் முன்னாலும் பேசினானாம். இப்போது முகம் கொடுத்துப் பேசுவதில்லையாம். "நான் விட்டிருக்கணுமா, அம்மாயி? பேசாம எல்லவுக்கே திரும்பி வந்துரட்டா?" என்றாள்.

அதற்குப் பதில் சொல்ல உன்னால் முடியாது. கூடை கொட்டுப்பட்டவளுக்குத்தான் அது தெரியும். இவ்வளவு காலம் உன்னிடம் சொல்லாததை அவளிடம் சொன்னேன். நீ என் கூடையைக் கொட்டிய அன்றைக்கு மலையில் ஒரு புதுப் பெண் தேயிலை நிரையில் என்னை முந்திக்கொண்டு போனாள். பொறுக்க முடியவில்லை. தெரிந்தேதான் முத்தல் இலையை உருவிப் போட்டு, மேலே நல்ல கொழுந்தைப் பரப்பினேன்.

"நீ நிப்பாட்டினது சரி. அவனுக்கும் அது தெரியும். ரெண்டு மாசத்துல பேசுவான். இல்லன்னா நீயே போயி, வாய் வலிக்கலயான்னு கேளு."

மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள். மறுநாள் வேலைக்குப் போய்விட்டாள்.

படங்கை வாசலில் போடவில்லை. மடித்து என் தகரப் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். அவள் லீவுக்கு வந்ததும் கையில் கொடுத்து, இது யாருடையது என்று சொல்ல வேண்டும். அதனால் பொறாமை போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. பிள்ளையை வளர்த்தவள் நான். அவள் உன் இடத்தில் நிற்கிறாள்.