பாட்டின் நடுவில் அம்மா

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? மடுல்சீமையில் மழை விட்டதா? நான் சுகம்.

நேற்று இங்கே கத்தாரில், நாங்கள் சாப்பிடும் கடையில் உங்களுக்குப் பிடித்த அந்தப் பாடகரின் பாட்டைப் போட்டார்கள். அவர் இறந்து ஒரு வருடமாம். மட்டக்களப்புச் சமையற்காரர் தண்ணீர்க் குழாயை மூடிவிட்டுக் கேட்டார். எல்லாரும் மெல்லச் சேர்ந்து பாடினோம். இரண்டாம் சரணத்தில் நான் மட்டும் என்னை அறியாமல் சொன்னேன்: "துஷி, பெரட்டுக்குப் போறேன், தேத்தண்ணி மூடி வச்சிருக்கேன்."

"தங்கச்சி, இது எங்கட பாட்டில இல்லையே," என்றார் சமையற்காரர். கடையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

சின்ன வயதில் நான் தெரியாமல் பதிவுப் பொத்தானை அழுத்தியதால், நம் கேசட்டில் அந்த இடத்தில், காலையில் தோட்ட வேலைக்குப் பெரட்டில் பெயர் கொடுக்கக் கிளம்பும் உங்கள் குரல்தானே இருக்கிறது. உண்மையான வரியைச் சமையற்காரர் மறுபடி போட்டுக் காட்டினார். நல்ல வரிதான்.

புது வீட்டுக்கு மாறும்போது, லயத்து வீட்டுப் பழைய சாமான்களோடு அந்தக் கேசட்டை எறிந்துவிடாதீர்கள். ஈரம் படாமல் அரிசி வாளிக்குள் வையுங்கள். தங்கை விதுர்ஷாவிடம் சொல்லி அந்த இடத்தைப் போனில் பதிந்து அனுப்புங்கள். புதிதாகச் சொல்லி அனுப்ப வேண்டாம். நீங்கள் சொல்லி முடித்ததும் அந்தப் பாடகர் தொடர்ந்து பாட வேண்டும்.

வேலைக்குப் பஸ் வந்துவிட்டது.

துஷி