வாழைநார் கட்டாத தூக்குச்சட்டி

மேசைமேல் ஒரு பித்தளைத் தூக்குச்சட்டி இருக்கிறது. மூடியைத் திறக்காமலே அதிரச வாசனை கூடம் முழுக்கப் பரவிவிட்டது. பக்கத்திலேயே என் கைப்பட எழுதிய ஒரு தாள். பத்து மணிக்குப் போதகர் வீட்டில் சபைக் கமிட்டி கூடுகிறது. தீபாவளிக்கு எல்லாருக்கும் விடுமுறைதானே, இன்றைக்கே வைத்துக்கொள்ளலாம் என்று நாள் குறித்தவனும் நான்தான். செயலர் என்ற முறையில் அந்தத் தாளை நான் வாசிக்க வேண்டும். புறமதத்தாரின் பண்டிகைப் பலகாரங்களை நம் சபையார் யாரும் வாங்கவோ உண்ணவோ கூடாது என்பது அதன் சாரம். எழுத்து மணிமணியாக இருக்கிறது. எழுதியவனுக்குத்தான் விடிந்ததிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன், நண்பா? நீ கண்மூடி ஆறு வருடம் ஆகிறது. நீ இருந்த காலத்திலும் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டவன் நான். இப்போதாவது சொல்லித் தொலைக்கிறேன்.

சட்டியைக் கொண்டுவந்தது உன் மகள். புருஷனோடு இந்த வருடம்தான் மறுபடியும் பக்கத்து வீட்டுக்கே குடிவந்திருக்கிறாள். புதுப்புடவை மடிப்புக் கலையாமல் வாசலில் நின்றாள். "மாமா, தீபாவளிப் பலகாரம். அப்பா மொதச் சட்டிய ஒங்களுக்குத்தான் எடுத்து வைப்பாங்களாம்ல. ஊருக்குக் கப்பலேறுறப்ப அம்மா சொல்லிட்டுப் போனாங்க" என்றாள். நான் சட்டியை உடனே வாங்கவில்லை. அதன் கைப்பிடியையே பார்த்துக்கொண்டு நின்றேன். அதில் வாழைநார் இல்லை.

அந்த நாரின் கதை உனக்கும் எனக்கும் உன் மனைவிக்கும் மட்டும் தெரிந்தது. சூலியா தெருவுக்குப் பின்னால் இந்த நீள வீட்டை நடுவில் பலகை அடித்து இரண்டாக்கி, ஒரு பாதியில் நீயும் மறுபாதியில் நானும் குடியேறிய முதல் வருடம். இருவரும் ஒரே சரக்குக் கிட்டங்கியில் கணக்கெழுதும் கிராணிகள். பகல் முழுக்க மிளகுத் தூசியில் சேர்ந்து தும்மிவிட்டு, சாயங்காலம் சேர்ந்தே வீடு திரும்புவோம். அந்தத் தீபாவளிக்கு நீ பலகாரத்தோடு வந்தபோது நான் ஒரு பிரசங்கமே செய்தேன். விக்கிரகத்துக்குப் படைத்ததை நாங்கள் உண்பதில்லை, அப்போஸ்தலர்கள் காலத்திலிருந்தே அப்படித்தான் என்று. எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. எனக்குத் தெரியாதது உலகத்தில் ஒன்றும் இல்லாத வயது.

நீ கோபப்படவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து, சரக்குச் சீட்டில் சந்தேகம் கேட்பதுபோல நிதானமாகக் கேட்டாய்.

"சாமிக்குப் படைக்கறதுக்கு முன்னாடியே எடுத்துட்டா?"

நான் யோசித்தேன். அதற்குத் தடை எதுவும் எனக்குத் தோன்றவில்லை. "அப்படின்னா சாப்பிடலாம்" என்றேன்.

"அம்புட்டுத்தானே? இதுக்கா பாதிரி இவ்வளவு நேரம் பேசுன?"

அன்றிலிருந்து நான் உனக்குப் பாதிரி. அடுத்த வருடத்திலிருந்து உன் தூக்குச்சட்டியின் கைப்பிடியில் ஒரு வாழைநார் முடிச்சு வர ஆரம்பித்தது. முடிச்சு இருந்தால், படைக்கும் முன்பே எடுத்தது என்று அர்த்தம். கிருஷ்ணர் பிறப்பு என்றாலும் சரி, பொங்கல் என்றாலும் சரி, நார் கட்டிய சட்டி என் வீட்டுக்கு வந்துவிடும். நானும் என் மனைவியும் மனசாட்சியில் ஒரு கீறலும் இல்லாமல் வயிறு நிறையச் சாப்பிடுவோம்.

அதற்கு நீ கொடுத்த விலை எனக்குப் பலகைச் சுவர் வழியாகத்தான் தெரிந்தது. ஒரு தீபாவளிக் காலையில் உன் மனைவி உன்னிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "சாமிக்கு வைக்குமுன்ன கைபோடலாமாங்க? எங்க வீட்ல புள்ள அழுதாக்கூட குடுக்க மாட்டாங்க. பாவமில்லியா?"

நீ சொன்ன பதில், இந்த ஊருக்கு வந்து உன் நாக்கில் ஒட்டிக்கொண்ட அந்த 'லா'வோடு, இன்னும் காதில் இருக்கிறது. "சாமி பசி பொறுக்கும். அவன் பொறுக்க மாட்டான், லா."

என் விதி உடையாமல் இருக்க உன் வீட்டு விதியை உடைத்துக்கொண்டிருந்தாய். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் அதை உன் கடமை என்பதுபோல எடுத்துக்கொண்டேன். என் விதி சத்தியம், உன் விதி வெறும் பழக்கம் என்றுதான் அப்போது நினைத்தேன். சொல்லும்போதே கன்னத்தில் போட்டுக்கொள்ளத் தோன்றுகிறது.

இனி அந்தக் காலையைச் சொல்ல வேண்டும். சுற்றிச் சுற்றி வருகிறேன், தெரிகிறதா?

நான் சபைச் செயலரான வருடம். புறமதத்தாரோடு ஒட்டும் உறவும் கூடாது என்ற பேச்சு சபையில் பலமாக இருந்த நேரம். தீபாவளியன்று காலையில் போதகரும் மூப்பர் இருவரும் என் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நீ வழக்கம்போல வந்தாய், புதுவேட்டி, கையில் சட்டி. கைப்பிடியில் நார் பளிச்சென்று தெரிந்தது. அது படையலுக்கு முந்தியது என்று எனக்குத் தெரியும், நண்பா. சந்தேகமே இல்லை. வேதத்தில் எந்த வசனமும் என்னைத் தடுக்கவில்லை. மூன்று ஜோடிக் கண்கள்தான் தடுத்தன.

"நாங்க இதெல்லாம் வாங்கறதில்லன்னு ஒனக்குத் தெரியாதா?" என்றேன். மெதுவாகக்கூடச் சொல்லவில்லை. அவர்கள் காதில் விழ வேண்டும் என்றே உரக்கச் சொன்னேன்.

நீ ஒரு கணம் என்னைப் பார்த்தாய். பிறகு அவர்களைப் பார்த்தாய். உனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. சட்டியை மெல்லத் திருப்பி, நார் முடிச்சின்மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டாய். "மன்னிக்கணும் ஐயா, எதுத்த வீட்டுக்குக் கொண்டாந்தது. வாசல் மாறி வந்துட்டேன்" என்று போதகரைப் பார்த்துச் சொல்லிவிட்டு இறங்கிப் போனாய்.

பத்து வருடம் ஒரே கூரைக்கடியில் இருந்தவனுக்கு வாசல் மாறிவிட்டதாம்! என்னைக் காப்பாற்றப் பொய் சொன்னாய். நான் உன்னை அவமானப்படுத்திக்கொண்டிருந்த அதே நிமிடத்தில் நீ என் மானத்தைக் காத்தாய். மூப்பர் ஒருவர், "நல்ல சாட்சி" என்று என் தோளைத் தட்டினார். அந்த இடம் பல நாள் எரிந்தது.

மறுநாள் கிட்டங்கியில் நீ ஜாதிக்காய் மூட்டைகளைப் பற்றிப் பேசினாய். நானும் ஜாதிக்காயைப் பற்றியே பேசினேன். அதன்பிறகு சட்டி வரவில்லை. நான் ஏன் என்று கேட்கவில்லை. கேட்க எனக்கு என்ன முகம் இருக்கிறது? ஆனால் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் என் மனைவி தந்த அச்சுமுறுக்கையும் கேக்கையும் நான் உன் வீட்டுக்குக் கொண்டுபோனேன். நீயும் இரு கையாலும் வாங்கிக்கொண்டாய்.

கடைசிக் கிறிஸ்துமஸுக்கு நீ ஆஸ்பத்திரியில் இருந்தாய். இருமல் உன்னைப் பாதியாக்கியிருந்தது. நான் அச்சுமுறுக்குப் பொட்டலத்தைப் பிரித்து நீட்டினேன். வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்திருந்தேன், அன்று நான் செய்தது தப்பு என்று ஒரே ஒரு வாக்கியம். நான் வாயைத் திறப்பதற்குள் நீ முந்திக்கொண்டாய். கண்ணில் பழைய குறும்பு.

"ஏன் பாதிரி, இது ஜெபம் பண்றதுக்கு முன்னாடி எடுத்ததா, பின்னாடி எடுத்ததா?"

எங்கள் வீட்டில் பலகாரத்தைச் சுற்றி நின்று ஜெபித்த பிறகுதான் கை வைப்போம். இத்தனை வருடமும் என் ஆண்டவர் பேரில் ஆசீர்வதித்த பண்டத்தையே உனக்குத் தந்திருக்கிறேன். உனக்காக முன்கூட்டியே ஒரு பங்கு எடுத்து வைக்க வேண்டும் என்று கனவிலும் தோன்றியதில்லை.

"நீ கேக்கவே இல்லியேடா" என்றேன்.

"கேட்டா நீ சங்கடப்படுவ."

ஒரு முறுக்கை உடைத்து வாயில் போட்டாய். மென்று விழுங்க வெகுநேரம் ஆயிற்று. "மொறுமொறுன்னு இருக்கு, லா. வீட்ல சொல்லு" என்றாய். பார்வையாளர் நேரம் முடிந்த மணி அடித்தது. என் ஒரே வாக்கியம் பாக்கியாகவே இருந்தது. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று வெளியே வந்தேன். தை பிறக்கும் முன் நீ போய்விட்டாய்.

இப்போது இந்தத் தாள். போதகர் கெட்டவர் அல்ல. நீயும் அவரைப் பற்றி மரியாதையாகத்தான் பேசுவாய். அவர் கவலையிலும் நியாயம் இருக்கிறது. சுங்கை பாக்காப் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் புதிதாக ஞானஸ்நானம் பெற்றவர்களுக்கு ஒரு தட்டுப் பலகாரம் வெறும் பலகாரம் அல்ல. தட்டின் பின்னாலேயே பழைய வாழ்க்கை முழுவதும் வந்து கூப்பிடும் என்று அழுகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். அவர்கள் வேண்டாம் என்று சொல்லட்டும். நானும் வேண்டாம் என்று சொன்னவன்தான். அதை எந்தக் குரலில் சொல்ல வேண்டும் என்றுதான் இந்தத் தாளில் ஒரு வரியும் இல்லை. எழுதியவன் நான். வாங்காதவன் சுத்தமானவன் என்று எழுதத் தெரிந்த எனக்கு, கொண்டுவந்தவன் யார் என்று எழுதத் தோன்றவில்லை.

காலையில் உன் மகள் சட்டியோடு நின்றபோது நாக்கு நுனிவரை கேள்வி வந்துவிட்டது. படைத்ததா அம்மா, படைக்கும் முன் எடுத்ததா? அவள் ஒளிக்காமல் பதில் சொல்லியிருப்பாள். அந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டு நானும் பழையபடி நல்லவனாகியிருப்பேன்.

"என்ன மாமா அப்படிப் பாக்கறீங்க? வேணாமா?" என்றாள். கை லேசாகப் பின்வாங்கியது. உன் கை பின்வாங்கியதும் அப்படித்தான்.

"குடும்மா" என்று இரு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

அவள் போனதும் என் மனைவி அடுப்படியிலிருந்து வந்தாள். "கேட்டீங்களா?"

"கேக்கல."

"இதக் கமிட்டில சொன்னா செயலர் வேலை போயிரும்."

"போகட்டும்" என்றேன். சத்தமாகச் சொல்லிவிட்டேனே தவிர, விட்டுவிடுவது எளிதல்ல. இருபது வருடம் கட்டிக் காத்த நல்ல பேர். ஞாயிற்றுக்கிழமை யார் யார் என் முகத்தைப் பார்க்காமல் போவார்கள் என்று இப்போதே மனம் கணக்குப் போடுகிறது. ஒரு அதிரசத்தைப் பிட்டுச் சாப்பிட்டேன். வானம் இடிந்து விழவில்லை. மனமும் அமைதியாகவில்லை. நான் செய்வது சரிதானா என்று ஆண்டவரிடம் கேட்டுக்கொண்டே மென்றேன். வெல்லம் கொஞ்சம் தூக்கல். உன் மனைவி கைப்பக்குவம் அவளுக்கு இன்னும் வரவில்லை.

ஒன்பதே முக்கால் ஆகிவிட்டது. தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். கமிட்டியில் அதை ஒரு எழுத்து விடாமல் வாசிப்பேன், அது என் வேலை. பிறகு இந்தச் சட்டியை மேசைமேல் வைத்து, இது வாசல் மாறி வந்ததல்ல, என் வீட்டுக்கென்றே வந்தது, இது போன்ற ஒன்றை அன்றைக்கு உங்கள் முன்னால் திருப்பி அனுப்பியவன் பொய்யன் என்று சொல்லப்போகிறேன். உன்னிடம் சொல்லாமல் விட்ட வாக்கியம் அதுதான். கேட்க வேண்டிய நீ அங்கே இருக்க மாட்டாய். நீ யார் கண்ணில் படாமல் நாரை மறைத்தாயோ அந்த மூன்று பேரும் இருப்பார்கள்.

போதகர் வீடுவரை நடந்துதான் போகப்போகிறேன். தெருவில் சபைக்காரர்கள் எதிரே வருவார்கள். கையில் என்ன என்று கேட்பார்கள். சட்டியைத் திருப்பிப் பிடிக்க மாட்டேன்.