முப்பத்தெட்டு சைக்கிளும் ஓர் ஆமையும்

ஜூலை 3, திங்கள்
வினாடி வினாவுக்குப் பன்னிரண்டு நாள். தலைப்பு: கடவுளையும் உலகத்தையும் பற்றிப் பழைய கிரேக்கர்களும் முதல் கிறிஸ்தவர்களும் நினைத்தவை. என் கூட்டாளி ஆமை எல்லாவற்றையும் கரைத்துக் குடித்துவிட்டாள். நான் இன்னும் டம்ளரைத் தேடுகிறேன். (உட்கார்ந்த இடத்தை விட்டு நகரமாட்டாள். பெயர் உபயம்: நான்.)

"எல்லாம் தண்ணியில இருந்து வந்துச்சுன்னார் ஒருத்தர். இன்னொருத்தர் காத்துன்னார். மூணாவது ஆள், நெருப்பு."

"அப்போ டீத்தூள் மட்டும்தான் பாக்கி."

முறைத்தாள். உதடு மட்டும் சிரித்தது.

ஜூலை 4
இன்றைய கிரேக்கப் பாடம்: அசைகிற எதையும் வேறொன்று அசைக்கிறது. அதை இன்னொன்று. பின்னாலேயே போனால், தான் அசையாமல் எல்லாவற்றையும் அசைக்கும் ஒன்று இருந்தே ஆக வேண்டுமாம். அது தள்ளுவதில்லை, அதன்மேல் வைத்த ஆசையால்தான் எல்லாம் நகர்கிறது.

சோதித்துப் பார்க்க வேண்டாமா? பள்ளி சைக்கிள் கொட்டகையில் முதல் சைக்கிளை ஒரே விரலால் தள்ளினேன். முப்பத்தெட்டும் சரிந்தன. ஆகா, என்ன கச்சேரி! ஓடிவிட்டேன்.

ஜூலை 5
ஐயோ. கடைசி சைக்கிள் ஆமையுடையது. அதைத் தூக்கி நிறுத்திக்கொண்டிருந்தவளைக் காவலாளி பிடித்துவிட்டார்.

"முதல்ல தள்ளினது யாரு? வெள்ளிக்குள்ள சொல்லலேன்னா போட்டியில நீ இல்ல" என்றாராம் தலைமை ஆசிரியை.

நான் ஓடியதைப் பார்த்திருக்கிறாள். ஆனாலும் வாய் திறக்கவில்லை.

"என் பேரைச் சொல்லித் தொலையேன்டி!"

புத்தகத்தை என் பக்கம் நகர்த்தினாள். "அடுத்த பாடம் படி." அவ்வளவுதான். நாலு திட்டு திட்டியிருக்கலாம்ல?

ஜூலை 6
அடுத்த பாடம். உலகம் செய்யச் சரக்கு எப்போதுமே இருந்தது என்றார்கள் கிரேக்கர்கள். இல்லை, ஒன்றுமே இல்லாமையிலிருந்து கடவுள் படைத்தார் என்றார்கள் கிறிஸ்தவர்கள். கிரேக்கர்களின் அந்த அசையாதவர் தன்னையே நினைத்துக்கொண்டிருப்பவர். இவர்களுடைய கடவுளோ, படைத்ததை நேசித்து, மனிதனாக அதற்குள்ளேயே இறங்கி வந்தவர்.

தள்ளிவிட்டு ஓடவில்லை.

எந்தப் பக்கம் திருப்பினாலும் என்னையே ஏன் குத்துகிறது?

ஜூலை 7
சொல்லிவிட்டேன். தலைமை ஆசிரியையிடமே போய், தள்ளியது நான்தான் என்று.

"யார் சொல்லி வந்தே?"

"யாரும் எதுவும் சொல்லல மேடம். அதான் வந்தேன்."

ஆமை உள்ளே, நான் வெளியே. என் இடத்தில் வேறொருத்தி. சனிக்கிழமைகளில் வளைந்த மட்கார்டுகளை நான் நிமிர்த்த வேண்டும். வீட்டில் அம்மா என்னை நிமிர்த்தினாள்.

ஜூலை 8
சைக்கிள் மணியடித்துக்கொண்டு கொட்டகைக்கு ஆமை வந்தாள், கையில் ஸ்பேனர். கூப்பிடாமலே நகர்ந்துவிட்டாள்!

ஜூலை 15
நான் பார்வையாளர் வரிசையில். கடைசிக் கேள்வி: "தான் அசையாமல் மற்றதையெல்லாம் அசைப்பது எது?"

ஆமைக்குத் தெரியாததா? ஆனால் பாவி, என்னைப் பார்த்துவிட்டாள். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது இரண்டு பேருக்கும். நேரம் முடிய ஒரு நொடி இருக்கும்போதுதான் அவளுக்குக் குரல் வந்தது.

கோப்பை சைக்கிள் கூடையில். வீடு வரை மிதித்தது நான். பின்னால் அசையாமல் உட்கார்ந்து வந்தாள் அவள்.