வளரும் பிள்ளைக்கு அளவு குறைவது குறித்து

அனுப்புநர்:
தையல்காரி,
மூலைத் தையல்கடை,
மூன்றாம் குறுக்குத் தெரு.

பெறுநர்:
குழந்தைகள் நல அலுவலர் அவர்கள்,
குழந்தைகள் நல அலுவலகம்,
இரண்டாம் மாடி.

பொருள்: என் கடைக்கு எதிர்வீட்டில் பத்து வயதுச் சிறுமி பெற்றோரால் பட்டினி போடப்பட்டு அடிக்கப்படுவது – விசாரணை முடிந்ததாகத் தாங்கள் அறிவித்தது – இன்னும் தொடங்கவே இல்லை எனத் தெரிவித்துக்கொள்வது – தொடர்பாக.

பார்வை: 1. எனது மனு, ஜூலை 22.
2. தங்கள் பதில் கடிதம், ஆகஸ்ட் 16.

மதிப்பிற்குரிய அய்யா,

வணக்கம். தங்கள் பதில் கிடைத்தது. இருபத்தைந்தே நாளில் பதில் வந்தது என்பதைத் தெருவில் யாரும் நம்பவில்லை. உறையைக் காட்டிய பிறகுதான் நம்பினார்கள். அதில் பெற்றோர் கண்ணியமானவர்கள், வீடு சுத்தமாக இருக்கிறது, பிள்ளை வளர்ப்பு பெற்றோரின் பொறுப்பு, ஆகவே புகாரில் முகாந்திரம் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். வீடு சுத்தமாக இருக்கிறது என்பதை நான் முழுமனதாக ஒப்புக்கொள்கிறேன். மற்றவை குறித்துக் கீழ்க்கண்டவற்றைப் பணிவுடன் சமர்ப்பிக்கிறேன்.

1. இருபத்தாறு வருடமாகப் பள்ளிச் சீருடை தைத்துவருகிறேன். அளவெடுத்து முடித்ததும் எல்லாப் பெற்றோரும் ஒரே வாசகத்தைச் சொல்வார்கள்: "வளர்ற பிள்ளைக்கா, ரெண்டு இஞ்ச் உள்ள விட்டுத் தைங்க." வசதியானவர் சொல்வார், இல்லாதவர் சொல்வார், பிள்ளையைக் கரித்துக்கொட்டிக்கொண்டே வருகிறவரும் சொல்வார். இதைச் சொல்லாத தகப்பனாரை நான் கண்டது ஒரே ஒருவரைத்தான். இரண்டு வருடத்துக்கு முன் எதிர்வீட்டுக்குக் குடிவந்தவர் அவர். "துணியெல்லாம் உள்ள விட வேணாம். இவ ஒண்ணும் வளரப்போறதில்ல" என்றார். வேடிக்கையாகச் சொல்கிறார் என்று நானும் சிரித்துவைத்தேன்.

2. என் அளவு நோட்டில் உள்ளபடி: எட்டு வயதில் அந்தச் சிறுமிக்கு நீளம் இருபத்தாறு, மார்பு இருபத்து நான்கு, இடுப்பு இருபத்திரண்டு அங்குலம். ஒன்பது வயதில் நீளம் அதே இருபத்தாறு, மார்பு இருபத்து மூன்று, இடுப்பு இருபத்தொன்று. இந்த ஜூனில், பத்து வயதில், நீளம் இருபத்தாறரை, மார்பு இருபத்திரண்டு, இடுப்பு பத்தொன்பதரை. நாடா பழையதாகி இழுத்துக்கொண்டதோ என்று புது நாடா வாங்கி அளந்தேன். அதுவும் அதையே சொன்னது.

3. அக்குளில் நாடா போனால் எந்தப் பிள்ளையும் நெளியும், சிரிக்கும். சில பிள்ளைகள் பெரியவர்களாகத் தெரிய நெஞ்சை விடைத்துக்கொண்டு நிற்கும். இந்தப் பிள்ளையோ, நான் நாடாவை எடுத்த உடனே கண்ணை இறுக மூடிக்கொண்டது. சட்டை விலகி, முதுகில் பட்டை பட்டையாக இருந்த தழும்பைப் பார்த்த பிறகுதான் ஏன் என்று எனக்கு விளங்கியது. தகப்பனாரைக் கேட்டதற்கு, "கட்டில்ல இடிச்சுக்கிட்டா" என்றார். அந்தக் கட்டிலுக்கு ஒன்றரை அங்குல அகலத்தில் வாரும், வாருக்கு ஒரு கொக்கியும் இருக்க வேண்டும். அப்படிப்பட்ட கட்டில் எந்தக் கடையில் கிடைக்கிறது என்று தங்கள் அலுவலகம் விசாரிக்கலாம்.

4. பிள்ளை சாப்பிடுவதில்லையா என்றும் கேட்டேன். "தப்பு பண்ணா அந்த வேளைச் சாப்பாடு கட். அதான் எங்க வீட்டு ஒழுங்கு" என்றார், பெருமையாகவே. ஒரு பிள்ளை மார்பில் இரண்டு அங்குலம் இழக்க எத்தனை தப்பு செய்ய வேண்டும் என்பது எனக்குத் தெரியவில்லை. தாயார் ஒருமுறை பொத்தான் வாங்கும் சாக்கில் தனியாக வந்தார். "அவருக்குக் கோபம் கொஞ்ச நேரம்தான்கா. நாம குறுக்க போகலன்னா சீக்கிரம் முடிஞ்சிடும்" என்றார். அவரும் அடி வாங்குகிறவராக இருக்கலாம். அவர்மேல் எனக்கு இரக்கம் உண்டு. ஆனால் சீக்கிரம் முடியட்டும் என்று அவர் அடுக்களையில் நிற்கும் நேரத்தில் கூடத்தில் நிற்பது யார் என்பதையும் நான் எழுதத்தான் வேண்டும்.

5. ஜூனில் அளவெடுத்தபோது தகப்பனார் வெளியே போன் பேசிக்கொண்டிருந்தார். அப்போது அந்தப் பிள்ளை என்னிடம் ரகசியமாகச் சொன்னதை அப்படியே தருகிறேன்: "ஆன்ட்டி, குறைஞ்சிருக்குன்னு அப்பாகிட்ட சொல்லிடாதீங்க. அதையும் தப்புன்னுவாரு." இருபத்தாறு வருடத்தில் நான் நாடாவைக் கீழே போட்டது அன்றைக்குத்தான்.

6. ஜூலையில் பெற்றோர் அவளைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டார்கள். தைத்துவைத்த சீருடையை வாங்க யாரும் வரவில்லை. பள்ளியில் கேட்டேன். "டிசி குடுத்தாச்சு, இனிமே எங்க பொறுப்பு இல்ல" என்றார்கள். தங்கள் கடிதம் பெற்றோர் பொறுப்பு என்கிறது. பெற்றோரோ அவளுடைய தப்புக்கு அவளே பொறுப்பு என்கிறார்கள். ஆக, இந்த விஷயத்தில் இப்போது பொறுப்பில் இருப்பவர் அந்தப் பத்து வயதுச் சிறுமி ஒருத்திதான்.

7. தங்கள் விசாரணையாளர் வந்ததை என் கடையிலிருந்தே பார்த்தேன். ஒரு வாரம் முன்பே கடிதம் போட்டு, நாள் நேரம் சொல்லி வந்தார். வாசல் விளிம்பில் நின்றார். குழந்தை தூங்குவதாகத் தகப்பனார் சொல்ல, தூங்கும் குழந்தையை எழுப்புவது பாவம் என்று நினைத்திருப்பார் போலும். நான் இரண்டு பொத்தான் துளைக்குக் காஜா எடுத்து முடிப்பதற்குள் விசாரணை முடிந்துவிட்டது. திரும்பும் வழியில் என்னைப் பார்த்து, "காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சும்மா, பெத்தவங்களுக்குத் தெரியாததா?" என்றார். காக்கையின் மேல் எனக்கும் புகார் இல்லை. அது தன் வாயில் உள்ளதை எடுத்துக் குஞ்சுக்குக் கொடுக்கிறது. வேலியே பயிரை மேய்கிறது என்று புகார் கொடுத்தால், வேலியிடமே போய் வாக்குமூலம் வாங்கிவரும் முறை எந்த விதியில் இருக்கிறது என்று தெரிவித்தால் நன்றியுடையவளாவேன். புகார் கொடுத்தது இன்னார் என்று அந்த வீட்டில் சொல்லிவைத்ததற்கும் நன்றி. அன்று மாலையே என் கடைக் கண்ணாடி உடைந்தது.

8. என் மேலும் ஒரு புகார் இருக்கிறது. அதையும் இந்தக் கோப்பிலேயே சேர்த்துக்கொள்ளவும். போன வருடம் உடுப்பு தொளதொள என்று இருப்பதாகத் தகப்பனார் திருப்பிக் கொண்டுவந்தபோது, ஏன் என்று கேட்காமல் இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்துக் கொடுத்தேன். அவள் மெலிந்தது வெளியே தெரியாதபடி செய்தது என் கைதான். அடுத்தவர் வீட்டு விஷயம் என்று ஒரு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். விசாரணையாளர் நான்கு நிமிடத்தில் காணாததை நான் இரண்டு வருடமாகக் கண்டேன் என்பதால், அவரைவிட என் குற்றமே பெரிது. அதை நினைத்தால் தூக்கம் வருவதில்லை, அய்யா.

9. இனி அவசரச் செய்தி. கோப்பை மூடுமுன் ஒரு முறைக்காக ஆகஸ்ட் 30 அன்று மறுபடி வருவதாகத் தங்கள் கடிதத்தின் கடைசி வரி சொல்கிறது. நகல் பெற்றோருக்கும் போயிருக்கிறது. கடிதம் வந்த மறுநாளே எதிர்வீட்டில் அட்டைப்பெட்டிகள் இறங்கின. நேற்று வண்டிக்காரர் கட்டுவதற்குக் கயிறு கேட்டு என்னிடம் வந்தார். "சனிக்கிழமை காலைல ஆறு மணிக்கு ஏத்தணுமாம். எந்த ஊருன்னு வண்டி கிளம்பினப்புறம்தான் சொல்வாராம்" என்றார். சனிக்கிழமை என்பது ஆகஸ்ட் 24.

10. இது புதிதல்ல என்பதற்கும் ஆதாரம் உண்டு. அந்தச் சிறுமி முதன்முதலில் என்னிடம் கொண்டுவந்த பழைய சட்டையில், பைக்கு மேலே இரண்டு பள்ளிகளின் சின்னங்கள் தைத்துப் பிரித்த ஊசித்தடம் இருந்தது. ஒன்று வட்டம், ஒன்று கேடயம். துணி மறக்காது, அய்யா. யாராவது கேள்வி கேட்கும்போதெல்லாம் இவர்கள் ஊர் மாறியிருக்கிறார்கள் என்றே நினைக்கிறேன். உறவென்று யாரும் வந்துபோகாத, சன்னலில் தாள் ஒட்டிய அந்த வீட்டில் அவளைத் தெரிந்தவர்கள் என்று இந்த ஊரில் இருப்பது நானும் என் நோட்டும்தான். அடுத்த ஊரில் அதுவும் இருக்காது.

ஆகவே தாங்கள் கடிதம் போடாமல், வெள்ளிக்கிழமைக்குள், மருத்துவர் ஒருவரோடு நேரில் வந்து, வாசலைத் தாண்டி உள்ளே போய், தூங்கினாலும் எழுப்பி, அந்தப் பிள்ளையைக் கண்ணால் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். எடையும் அளவும் எடுத்து என் நோட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கவும். நான் சொன்னது பொய்யானால் என்மேல் என்ன நடவடிக்கை எடுத்தாலும் சம்மதம். அப்படி ஆனால் என்னைவிடச் சந்தோஷப்படுகிறவர் யாரும் இருக்க முடியாது. 30ஆம் தேதிதான் சௌகரியம் என்றால் அன்றே வரலாம். வீடு காலியாக, இன்னும் சுத்தமாக இருக்கும். ஆட்சேபம் சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள்.

நாள்: ஆகஸ்ட் 20, செவ்வாய்
இடம்: எதிர்வீட்டு வாசல் தெரியும் என் தையல் மேசை

அளவு நாடாவைத் தவிர வேறு அதிகாரம் எதுவும் இல்லாத,
தையல்காரி
(ஒப்பம்)

இணைப்பு:
அ) அளவு நோட்டின் மூன்று பக்கங்கள், நகல்.
ஆ) யாரும் வாங்க வராத பள்ளிச் சீருடை ஒன்று. இதை அவளிடம் தாங்களே தங்கள் கையால் கொடுக்க வேண்டுகிறேன். தகப்பனார் சொல்லியும் கேளாமல் கீழ் மடிப்பிலும் பக்கத் தையலிலும் இரண்டு அங்குலம் துணி உள்ளே விட்டிருக்கிறேன். வளர்கிற பிள்ளை.