கடைசி பாகத்துக்கு முன்னால்

லைட்ஹவுஸ் குப்பம்
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் மோகனப்பிரியாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் நைனாவும் ஏதோ அம்மன் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம், புனே குளிரில் நீ எப்படி இருக்கிறாய், ராத்திரி காலுக்கு சாக்ஸ் போட்டுக்கொண்டு படு. போனிலேயே பேசலாமே என்று கேட்பாய். பேச ஆரம்பித்தால் நான் அழுதுவிடுவேன், நீ மீட்டிங் என்று வைத்துவிடுவாய், அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

உன் தொடர்கதையைப் பற்றித்தான். செல்போனில் வேறு பெயரில் அதை எழுதுவது நீதான் என்று என்னைத் தவிர இங்கே யாருக்கும் தெரியாது. நைனா கிழிந்த வலையைப் பொத்தும்போது நான் சத்தமாக வாசிப்பேன், பக்கத்து வீட்டு மாலதி கருவாட்டை வெயிலில் போட்டது போட்டபடி ஓடி வந்துவிடுவாள். முப்பது பாகமாக அந்த இரண்டு பேரையும் சேரவிடாமல் இழுக்கிறாயே, உனக்கு இரக்கமே இல்லையாடி. கடைசியில் சேர்ந்துவிடுவார்கள் என்று எங்களுக்குத் தெரியாதா, தெரிந்தும் ஏன் நெஞ்சு இப்படி அடித்துக்கொள்கிறது என்று யோசித்துப் பார்த்தேன். அவன் மனசும் நமக்குத் தெரிகிறது, அவள் மனசும் தெரிகிறது, அவர்கள் இரண்டு பேருக்கும்தான் தெரியவில்லை. பஸ் ஸ்டாண்டில் அவள் திரும்பிப் பார்க்கும்போது அவன் குனிந்து செருப்பை மாட்டுகிறான், நிமிர்வதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. மாலதி போனைப் பார்த்து, "அய்யே, கூப்புட்றா அவள"ன்னு கத்துகிறாள். நாம் சொன்னால் அவன் காதில் விழுமா. இரண்டு பக்கமும் தெரிந்தும் சொல்ல முடியாமல் நடுவில் உட்கார்ந்திருப்பதுதான் கதை படிக்கிறவர்கள் படும் அவஸ்தை. எனக்கு அது புதுசு இல்லை, இந்த வீட்டில் இரண்டு வருஷமாக அதைத்தான் படுகிறேன்.

டேவிட்டைத்தான் கட்டிக்கொள்வேன் என்று நீ சொன்ன அன்றைக்கு, வேதக்காரப் பையன் வேண்டாம் என்று நைனா உன்னிடம் பேச்சை நிறுத்தினார், நீ வருவதையே நிறுத்தினாய். நீ போன் பண்ணினால் அவர் வலையை இழுத்துக்கொண்டு கதவோரம் வந்து உட்காருவார், வைத்த பிறகு "இன்னாவாம்?"னு கேட்பார். நீயோ எல்லாம் பேசி முடித்து, வைக்கப் போகும்போதுதான் நைனா மாத்திரை போடுகிறாரா என்று கேட்பாய். அவர் கேட்பதை உன்னிடம் சொன்னதில்லை, நீ கேட்பதை அவரிடம் சொன்னதில்லை. இரண்டு பேரும் என்மேல் பாய்வீர்கள் என்ற பயம். அது என் தப்புதான்.

உன் கதையில் வரும் அப்பாவை நைனாவுக்குப் பிடிக்கவே பிடிக்காது. "இன்னா மன்சன் இவன், பொண்ணு இஷ்டப்பட்டவன கட்டி வெச்சா இவனுக்கு இன்னா கொறஞ்சி பூடும்"னு திட்டுவார், நான் முந்தானையால் வாயை மூடிக்கொள்வேன். போன செவ்வாய்க்கிழமை முப்பதாம் பாகம் வாசித்தேன். மகள் பொதுப்பரீட்சை எழுதும் நாளில், ஏரியில் வலை கட்டத் தன் பாடு, தன் முறை, வந்தும் போகாமல், அந்த அப்பா ஈர லுங்கியோடு பள்ளிக்கூட வாசலில் பரீட்சை முடியும்வரை நின்றார் என்று எழுதியிருந்தாயே, அந்த இடத்தில் இவர் கையில் ஊசி அப்படியே நின்றது. ஊசியை வலையிலேயே குத்திவிட்டு எழுந்து போய்விட்டார். மறுநாள் நம்முடைய பாடு. முறை தவறினால் அங்கே வலை கட்ட இன்னும் பத்து நாள் காத்திருக்க வேண்டும், உன் பரீட்சைக்கு விட்டதைத் தவிர காய்ச்சலில்கூட விடாத மனுஷன். படகுக் கூட்டாளி செங்கல்வராயன் வந்து கூப்பிட்டும் படகை எடுக்கவில்லை. என் போனை வைத்துக்கொண்டு முதல் பாகத்திலிருந்து எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் என்னிடம் வந்து, "எய்துற பொண்ணாண்ட சொல்லு, கல்யாணத்துக்கு அப்பங்காரன் வரலன்னு எய்திடப் போறா, அவன் வருவான்"னு சொன்னார்.

நீயே அவருக்குப் போன் பண்ணு, முதலில் கூப்பிட அவருக்குக் கூச்சம். அந்த நேரம் நான் மாலதி வீட்டுக்குப் போய்விடுகிறேன். டேவிட்டையும் கூட்டிக்கொண்டு வா, இறால் வரும் காலம்தான். இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல் நூறு வயசு இருங்கள்.

மறந்துவிடாதே, நைனா ஒன்று திருத்தச் சொன்னார். அன்றைக்கு அவர் கட்டியிருந்தது லுங்கி இல்லையாம், வெள்ளை வேட்டியாம். "எம்பொண்ணு பள்ளிக்கூடத்துக்கு லுங்கி கட்டினு போவேனா?"னு கேட்கிறார்.

உன் அம்மா
அங்காளம்மாள்