மெலியச் சொன்ன சீட்டு

ஏப்ரல் 7, திங்கள்

நடந்த தவறை முதலில் எழுதிவிடுகிறேன். என் மனைவிக்குக் குடலில் புற்று, ஈரலுக்கும் பரவிவிட்டது என்று ஜனவரியில் சொன்ன அதே மருத்துவமனை, அவளை மெலிய வைக்கக் கொடுத்திருந்த உணவுச் சீட்டைத் திரும்பப் பெறவில்லை. சீட்டு கொடுத்தது முதல் மாடி, முழங்கால் வலிக்கும் சர்க்கரைக்கும். புற்றுநோய்ப் பிரிவு மூன்றாம் மாடி. நடுவில் நாற்பத்து நான்கு படி. ஒருவரும் ஏறவில்லை, ஒருவரும் இறங்கவில்லை.

பதின்மூன்று வாரம் அந்தச் சீட்டுப்படி அவளுக்குச் சாப்பாடு போட்டவன் நான். எண்ணெயைக் கரண்டியால் அளந்தேன். முட்டையில் மஞ்சள் கருவை எடுத்துப் போட்டேன். நாற்பது வருஷம் தராசு பழுது பார்த்தவன் வீட்டு எடைக்கருவி ஐம்பது கிராம் பிசகாது. ஞாயிறுதோறும் அவளை நிறுத்துக் கட்டத்தாளில் புள்ளி வைத்துக் கோடு இழுத்தேன். 84.6-ல் ஆரம்பித்தது, நேற்று 71.2. இன்று மூன்றாம் மாடி டாக்டரம்மாவிடம் அந்தத் தாளைக் காட்டினேன். பாராட்டுவார் என்றுதான் எடுத்துப் போனேன். எதற்கு மறைக்க வேண்டும்?

அவர் தாளை வெகுநேரம் பார்த்தார்.

"இது நீங்க குறைச்சதா, தானா குறைஞ்சதா?"

"கட்டுப்பாடா நான் குறைச்சது."

"ஐயா, இந்த நோய்ல கொழுப்புதான் உடம்போட கையிருப்பு. நோய் முத்தின பிறகு, கொஞ்சம் சதைப்பிடிப்பா இருக்கறவங்க கூடுதல் நாள் தாக்குப்பிடிக்கறத பாத்திருக்கோம். எல்லாருக்கும் அப்படின்னு சொல்ல முடியாது. ஆனா இவ்வளவு வேகமா கரையறது நல்லதுக்கில்ல."

என் மனைவி நாற்காலியில் சாய்ந்தபடி சொன்னாள்: "குண்டா இருந்தது நல்லதா டாக்டர்? இத நாப்பது வருஷம் முன்னாடியே இவர்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா?"

டாக்டரம்மா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இருபத்து நான்காம் தேதி அடுத்த மருந்து ஏற்ற வேண்டும். அதற்குள் உடம்பு இன்னும் இறங்கினால் மருந்தைத் தாங்காது, நிறுத்த வேண்டிவரும் என்றார். பதினேழு நாள்.

ஏப்ரல் 8

சீட்டைக் கிழிக்கவில்லை. அது சாட்சி. வெண்ணெய், முழுப்பால், வேர்க்கடலை, வாழைப்பழம், இரண்டு டஜன் முட்டை வாங்கினேன். பழைய முட்டைகளின் மஞ்சள் கரு எத்தனை குப்பைக்குப் போயிருக்கும் என்று கணக்குப் போடப் போய், பாதியில் நிறுத்திவிட்டேன்.

ஏப்ரல் 10, வியாழன்

முதல் மாடிக்குப் போனேன். உணவு ஆலோசகர் என்று பலகை. சீட்டில் கையெழுத்துப் போட்ட அதே பையன்தான், என் பேரன் வயதுகூட இருக்காது.

"நாங்க மூட்டுக்கும் சக்கரைக்கும் கொடுத்தது ஐயா. அவங்களுக்கு இந்த நோய்னு எங்களுக்கு யாருமே சொல்லல."

மூன்றாம் மாடிக்கு ஏறினேன். அங்கே இருந்த எழுத்தர்: "அப்படி ஒரு சீட்டு இருக்கறதே எங்களுக்குத் தெரியாதுங்களே."

மறுபடி இறங்கினேன். "தம்பி, கட்டடம் ஒண்ணு, நோயாளி எண் ஒண்ணு. ஆனா மேல இருக்கறவங்களுக்கும் உங்களுக்கும் பேச்சுவார்த்தை இல்லையா, சம்பந்தி சண்டையா?" என்றேன். வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பையன் முகம் சுருங்கிவிட்டது. எழுதிக் கொடுங்கள், மேலே அனுப்புகிறேன் என்றான். எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் எழுதும் கடிதம் எப்படி இருக்கும் என்று பார்க்கட்டும்.

ஏப்ரல் 13, ஞாயிறு

இன்று நிறுக்கவில்லை. பயம்தான். வேறென்ன?

நூலகத்தில் இரண்டு நாளாக உட்கார்ந்து படித்தேன். புரியாததை மகளிடம் கேட்டேன். நோய் உடம்பை உள்ளிருந்தே எரிக்கிறதாம். பட்டினி கிடந்து மெலிவது வேறு, இந்த மெலிவு வேறு. முதலில் கொழுப்பைத் தின்கிறது, கூடவே சதையையும். அப்படியானால் என் கோட்டில் எவ்வளவு நான் இழுத்தது, எவ்வளவு நோய் இழுத்தது? இரண்டு பேர் ஒரே தட்டில் கைவைத்தால் யார் தின்றது எவ்வளவு என்று எந்தத் தராசு சொல்லும்?

அவளிடம் சொன்னேன். மேல்கைச் சதை தொங்குவதை இழுத்துக் காட்டினாள்.

"குண்டம்மா குண்டம்மான்னு உங்க சொந்தம் பூரா கூப்பிட்டுது. இப்ப பாக்கறவங்கல்லாம் எப்படி இளைச்சே, ரகசியத்த சொல்லுன்னு கேக்கறாங்க. சொல்லட்டுங்களா ரகசியத்த?"

ஏப்ரல் 16, புதன்

பால் கால் தம்ளர். முட்டை ஒரு வாய். வாழைப்பழம் வேண்டாமாம், வாசனை ஆகவில்லையாம்.

ஏப்ரல் 19, சனி

இன்று என் மேலேயே எனக்கு வெறுப்பு. உருளைக்கிழங்கை வெண்ணெயில் மசித்து ஊட்டினேன். போதும் என்றாள். இன்னும் ரெண்டே வாய் என்றேன். அந்த ரெண்டாவது வாயில் எல்லாமே வெளியே வந்துவிட்டது. போர்வை, தலையணை, என் சட்டை.

மகள் வந்து துடைத்தாள். துடைத்துக்கொண்டே பேசினாள், என்னைப் பார்க்காமல்.

"பிப்ரவரியில அம்மாவுக்கு ஒரு துண்டு கேக் வாங்கிட்டு வந்தேன். வாசல்லயே வாங்கி மூடி, திருப்பிக் கையில குடுத்தீங்க. 'உங்கம்மாவ கொல்லப் பாக்கறியா'ன்னு கேட்டீங்க. ஞாபகம் இருக்காப்பா?"

இருக்கிறது.

"அன்னிக்கு அவங்களுக்குப் பசி இருந்துச்சு."

பதில் சொல்ல வாய் திறந்தேன். சீட்டு, முதல் மாடி, மூன்றாம் மாடி – எல்லாம் நுனி நாக்கில் இருந்தது. போர்வையை அள்ளிக்கொண்டு துவைக்கப் போனேன்.

ஏப்ரல் 23, புதன்

நாளைக்கு மருந்து. பயத்தை விட்டு நிறுத்தேன். 72.9. ஏறியிருக்கிறது, ஒரு கிலோ எழுநூறு கிராம். படிக்கல் வைத்துக் கருவியைச் சோதித்தேன், சரியாகவே காட்டுகிறது. மகளுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

ஏப்ரல் 24, வியாழன்

மருந்து ஏற்றவில்லை.

டாக்டரம்மா எடையைக் கேட்டார், தலையாட்டினார். பிறகு அவள் கணுக்காலில் கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்தார். குழி அப்படியே நின்றது. ஈர மண்ணில் மிதித்த தடம் மாதிரி.

"இது தண்ணிங்க ஐயா. கால்லயும் வயித்துலயும் கோத்திருக்கு. அதுதான் எடைய தூக்கிக் காட்டுது. உள்ள கரையறது கரைஞ்சிட்டுத்தான் இருக்கு."

நாற்பது வருஷமாக ஊருக்கெல்லாம் சொன்னவன் நான்: தராசு பொய் சொல்லாது என்று. பொய் சொல்லவில்லைதான். என்ன நிறுக்கிறோம் என்று நமக்குத் தெரியாவிட்டால் அது என்ன செய்யும்?

இந்த உடம்புக்கு இந்த மருந்து கொடுத்தால் நோய்க்கு முன்னால் மருந்தே கொண்டுபோய்விடும் என்றார். பாதி அளவில் கொடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். யோசிக்கலாம், ஆனால் அவர்கள்தான் சொல்ல வேண்டும் என்று அவளைக் காட்டினார்.

ஏப்ரல் 27, ஞாயிறு

புகார்க் கடிதம் நாலு பக்கம் ஆகிவிட்டது. 'மூன்றாம் மாடியில் ஒருவர்கூட உணவைப் பற்றி விசாரிக்கவில்லை' என்று எழுதிக்கொண்டு வந்தபோது கை நின்றது.

விசாரித்தார்கள்.

பிப்ரவரியில், இரண்டாவது முறை மருந்து ஏற்றப் போனபோது. எடை பார்த்த நர்சம்மா, வயசானவர், மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டிருப்பார். "நாலு கிலோ இறங்கியிருக்கே, சரியா சாப்பிடறாங்களா?" என்று கேட்டார். நான் முந்திக்கொண்டு, "அதெல்லாம் கட்டுப்பாடா சாப்பிடறா, நான் பாத்துக்கறேன்" என்றேன். என் மனைவி ஏதோ சொல்ல வந்தாள். நான் பேசிக்கொண்டே இருந்தேன். அந்தம்மா 'நன்றாகச் சாப்பிடுகிறார்' என்று எழுதிக்கொண்டார்.

அந்த வரியை அடித்தேன். கடிதத்தைக் கிழிக்கவில்லை, கிழிக்கவும் மாட்டேன். அவர்கள் செய்தது தவறுதான். 'தவறிழைத்தவர்கள்' என்ற தலைப்பின் கீழே மூன்றாவதாக என் பெயரை எழுதினேன்.

ஏப்ரல் 28

கடிதத்தை நேரில் கொடுத்து முத்திரை வாங்கிக்கொண்டேன்.

மே 2, வெள்ளி

அவளிடம் கேட்டேன், பாதி மருந்து வேண்டுமா என்று. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

"ஏங்க, அந்த சீட்டு இல்லாம இருந்திருந்தா எவ்வளவு நாள் கூட இருந்திருப்பேன்?"

"டாக்டரம்மா சொல்ல முடியாதுன்னுட்டாங்க. நோயே பாதிய தின்னிருக்கும்னாங்க."

"நீங்க என்ன சொல்றீங்க?"

"நான் தின்ன பாதி எனக்குத் தெரியும்."

என் பக்கம் திரும்பிப் படுத்தாள். பிறகு, "கோவம் இருக்கு. இல்லன்னு சொல்ல மாட்டேன். பசியோட படுத்த நாளெல்லாம் உங்கள வாய்க்குள்ளேயே திட்டியிருக்கேன்" என்றாள். "மருந்து வேண்டாம். அந்த மாடி ஏறி எறங்க என்னால ஆகாது. வீட்லயே இருக்கேன். ஆனா இனிமே என் வாய்க்கு நேரா ஸ்பூன நீட்டினீங்கன்னா கடிச்சிடுவேன்."

சரி என்றேன். இந்த வீட்டில் நான் விவாதமில்லாமல் சரி என்று சொன்னது எத்தனையாவது தடவை? விரல் விட்டு எண்ணலாம்.

மே 9, வெள்ளி

மருத்துவமனையிலிருந்து பதில் வந்தது. பரிசீலிக்கிறோம் என்று ஒரு வரி. அந்த வயசான நர்சம்மா மட்டும் தனியாகப் போன் செய்தார். இனிமேல் சாப்பிட வைத்தாலும் உடம்பில் ஒட்டாது, கேட்டால் கொடுங்கள், கேட்காவிட்டால் விட்டுவிடுங்கள் என்றார்.

மே 11, ஞாயிறு

செய்ய வேண்டியவை.

புற்று என்று தெரிந்த அன்றே பழைய உணவுச் சீட்டை ரத்து செய்வது – மூன்றாம் மாடி. பதில் வரும்வரை மாதம் ஒரு கடிதம் போகும்.

சாப்பாட்டைப் பற்றிக் கேட்கும்போது துணைக்கு வந்தவரிடம் கேட்காமல் நோயாளியிடம் கேட்பது – நர்சுகள். இதையும் எழுதிக் கொடுத்தாகிவிட்டது.

வலி மருந்து, நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை – பகலில் மகள், மற்ற நேரம் நான்.

முதுகுப்புண் வராமல் புரட்டிவிடுவது – இரண்டு பேர் வேண்டும். மருமகன் வேலை முடிந்து வருகிறார்.

உதட்டைப் பஞ்சால் நனைப்பது – யார் பக்கத்தில் இருக்கிறார்களோ அவர்கள்.

பார்க்க வருகிறவர்கள் 'இளைச்சுட்டாளே' என்று சொல்லாமல் வாசலிலேயே தடுப்பது – நான். இது எனக்கு நன்றாக வரும்.

அவள் கண் விழிக்கும்போது 'ஏதாவது சாப்பிடறியா' என்று தொடங்காமல் வேறு ஏதாவது பேசுவது – நான். காலையில் இருந்து இரண்டு முறை தவறிவிட்டது.